மோசமான தச்சன் செய்த படிக்கட்டு

மார்ச் 9

மைத்துனனுக்கு,

இங்கு நான் நலம். உன் அக்கா நலம். அங்கு உன் உடம்பும் கைகளும் நலம்தானே? கைகளைத் தனியாக விசாரிப்பதற்குக் காரணம் இருக்கிறது.

நீ பஸ் ஏறிய மறுநாள் பரண் அறையை முறைப்படி பார்வையிட்டேன். வேலை பார்த்த காலமெல்லாம் விடுதிக் காப்பாளனாக இருந்தவன் ஒரு அறையை எப்படிப் பார்வையிடுவான் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பழைய சாமான் கிடந்த பரணை இரண்டு மாணவர்கள் தங்கும் அறையாக மாற்றிக் கொடு என்றுதான் உன்னை அவ்வளவு தூரத்திலிருந்து வரவழைத்தேன். சொந்தத்தில் ஒரு தச்சன் இருக்கும்போது வெளியாள் எதற்கு என்று நினைத்தது என் புத்தி.

முதலில் படிக்கட்டு. அது கத்துகிறது. நான் காலை வைத்தால் முதல் படி முனகுகிறது, அடுத்தது அலறுகிறது, மேலே போகப் போகத் தெருவில் போகிறவன் நின்று பார்க்கிறான். ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு விடுதித் தாழ்வாரங்களில் நடந்தவன் நான். நான் பின்னால் நிற்கிறேன் என்பது தொண்டையைக் கனைக்கும்வரை ஒரு பயலுக்கும் தெரியாது. இப்போது என் வீட்டிலேயே நான் வருவதை உன் படிக்கட்டு ஊருக்கு அறிவிக்கிறது.

கதவுக்குத் தாழ்ப்பாளை உள்பக்கம் வைத்திருக்கிறாய். வெளிப்பக்கம் ஒன்றுமே இல்லை. மாணவன் உள்ளே தாழ் போட்டுக்கொண்டால் காப்பாளன் வெளியே நின்று என்ன செய்வான்? கண் வைத்துப் பார்க்கிற அளவுக்குக் கதவில் ஒரு துளை போடச் சொன்னேன். அதையும் காணோம். கட்டில் ஒன்றுதான் இருக்கிறது, அதையும் சுவரோடு பிணைத்துவிட்டாய். விட்டம் என் நெற்றிக்கு நேராக வருகிறது. இதுவரை எத்தனை முறை இடித்துக்கொண்டேன் என்று கேட்காதே.

உன் அக்காவைக் கேட்டால், "அவனுக்குத் தெரிஞ்சத செஞ்சிருக்கான்" என்கிறாள். தெரியாததை ஏன் செய்தாய் என்பதுதான் என் கேள்வி. கல்லூரி திறப்பதற்குள் வந்து எல்லாவற்றையும் மாற்றிக் கொடு.

இப்படிக்கு,
அத்தான்.


மார்ச் 24

அத்தானுக்கு,

வணக்கம். கைகள் நலம். விசாரித்ததற்கு நன்றி. உங்கள் நெற்றி ஆறிவிட்டதா?

விடுதியில் ஏலம் போட்டபோது நீங்கள் வாங்கி வந்த பழைய கட்டில் பலகைகளைத்தான் படிக்குப் போட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றது நீங்கள். புது மரம் வாங்கலாம் என்று நான் சொன்னது உங்கள் காதில் ஏறவில்லை. எத்தனையோ பிள்ளைகள் தூக்கம் வராமல் புரண்டு படுத்த பலகை அது. சும்மா இருக்குமா? கொஞ்ச நாள் போனால் சத்தம் அடங்கும்.

நான் படகுப் பட்டறைத் தச்சன். படகில் ஆள் படுக்கும் கேபின்தான் எனக்குக் கைவந்த வேலை. கேபின் கதவுக்குத் தாழ்ப்பாள் உள்ளேதான் இருக்கும். வெளியே வைத்தால் அதற்குக் கூண்டு என்று பெயர். கை பழக்கத்தில் வைத்துவிட்டது. கட்டில் சுவரோடு பிணைந்திருப்பதும் அதே பழக்கம்தான். இரண்டு கட்டில் போட்டால் ஒருவன் மேல் ஒருவன்தான் நிற்க வேண்டும் என்று அப்போதே சொன்னேன். கதவில் நாங்கள் துளை போடுவதில்லை. தண்ணீர் உள்ளே வரும்.

அக்கா நலம் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதம் ஒவ்வொன்றிலும் அதே இரண்டு சொல் அதே இடத்தில் இருக்கிறது. அதிலிருந்து எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் ஒரு வரி அவளையே எழுதச் சொல்லுங்கள்.

மைத்துனன்.


ஏப்ரல் 11

மைத்துனனுக்கு,

நான் நலமாக இல்லை. இரத்த அழுத்தம் கூடியிருப்பதாக டாக்டர் சொல்கிறார். யாரால் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. உன் அக்கா நலம். நீ நலமாக இருப்பாய், உனக்கென்ன.

என் வீட்டுப் பரணுக்குள் கடல் வரப்போகிறதா? யார் காதில் பூ சுற்றுகிறாய்?

சத்தம் அடங்கும் என்றாய். இன்னும் கூடிவிட்டது. பக்கத்துத் தெருத் தச்சரைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு ஒரு ஆணிகூட இல்லை என்றார். எல்லாம் ஆப்பு வைத்து ஒன்றோடொன்று கோத்திருக்கிறதாம். "இதுல நான் கை வைக்க மாட்டேன் சார். செஞ்சவரயே கூப்பிடுங்க" என்று சொல்லி, டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். நீ கெடுத்ததை நீதான் திருத்த முடியும் என்கிற மாதிரி செய்து வைத்திருக்கிறாய். இதுவும் ஒரு சாமர்த்தியம்தான்.

இன்னொன்று. உன் அக்கா எங்கே இருந்தாலும் நான் ஒரு விசில் அடித்தால் வந்து நிற்பாள். அது இந்த வீட்டு ஒழுங்கு. இப்போது பரண் கதவைச் சாத்தினால் விசில் கேட்கவில்லை என்கிறாள். துணி மடிக்கப் போகிறேன், தூசி தட்டப் போகிறேன் என்று மேலே ஏறுகிறாள். விசில் அடித்து அடித்து என் தாடை வலிக்கிறது. சுவர்ப் பலகைக்கு நடுவில் எதை அடைத்து வைத்தாய்?

கடைசி வரி பற்றிக் கேட்டிருந்தாய். இந்த வீட்டுக்கு வருகிற கடிதத்தையும் போகிற கடிதத்தையும் நான் பார்ப்பது வழக்கம். அவளிடம் பேனாவை நீட்டினேன். எழுத ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டாள்.

எப்போது வருகிறாய்?

அத்தான்.


ஏப்ரல் 20

அத்தானுக்கு,

நலம். டாக்டர் சொன்னபடி நடந்துகொள்ளுங்கள்.

அடைத்தது தக்கை. படகில் இயந்திரச் சத்தம் தூங்குகிறவன் காதில் விழாமல் இருக்க வைப்பது. விசில் சத்தத்துக்கு என்று தனியாக வைக்கவில்லை.

விசிலைப் பற்றி நீங்களே எழுதியதால் நானும் எழுதுகிறேன். வேலைக்கு வந்த முதல் நாள் அதைக் கேட்டபோது வீட்டில் நாய் வளர்க்கிறீர்கள் என்று நினைத்தேன். நாயைக் காணோம். அக்கா வந்து நின்றாள். அன்று சுத்தியலைக் கையில் பிடித்தபடியே கீழே இறங்கி வந்தேன். சமையலறை வாசலில் நின்று அக்கா வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். திரும்ப மேலே போய் மீதி ஆப்புகளை அடித்தேன். கோபத்தில் அடித்ததில் நாலைந்து கோணலாக இறங்கியிருக்கலாம். படி கத்துவதற்கு அதுவும் காரணமாக இருக்கும். வேலையைக் குறை சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். இதை மட்டும் வீட்டு ஒழுங்கு என்று எனக்கு எழுதாதீர்கள்.

இங்கே ஒரு படகு கரையேறி நிற்கிறது. மழைக்கு முன்னால் தண்ணீரில் இறக்க வேண்டும். வர முடியாது.

மைத்துனன்.


ஜூன் 2

மைத்துனன் என்று சொல்லிக்கொள்கிறவனுக்கு,

நான் எப்படி இருக்கிறேன் என்று நீ விசாரிக்க வேண்டாம். உன் அக்கா நலம். என் வீட்டுக்குள் நான் எப்படிக் கூப்பிட வேண்டும் என்று மரம் இழைக்கிறவனிடம் பாடம் கேட்கும் நிலை எனக்கு இன்னும் வரவில்லை.

உனக்காகக் காத்திருந்து பயனில்லை என்று துளையிடும் இயந்திரத்தை வாடகைக்கு எடுத்துக் கதவில் நானே ஒரு துளை போட்டேன். மறுநாள் பார்த்தால் உள்பக்கம் அந்தத் துளைமேல் ஒரு துண்டு தொங்குகிறது. கேட்டால், ஈரத்துண்டு காயப்போட அந்த அறையில் வேறு இடமே இல்லையாம். எடுத்துவிடச் சொன்னேன். எடுத்துவிட்டு ஒரு பாவாடையைக் காயப்போட்டிருக்கிறாள்.

போன வாரம் ஒருவர் மகனைச் சேர்ப்பதற்காக அறையைப் பார்க்க வந்தார். படியில் ஏறும்போதே காதைப் பொத்திக்கொண்டார். மேலே விட்டத்தில் இடித்துக்கொண்டார். கதவில் துளையைப் பார்த்துவிட்டு, "சார், இது ரூமா லாக்கப்பா?" என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் ஒரு பெற்றோர் என்னை அப்படிக் கேட்டதில்லை. இரண்டாவதாக வந்தவர் மேலே ஏறவே இல்லை. கல்லூரி திறந்தாகிவிட்டது. அறை காலி.

காலி என்றும் சொல்ல முடியாது. கீழே புழுக்கம் என்று சொல்லி உன் அக்கா இப்போது அங்கேதான் படுக்கிறாள். மாணவர்கள் வரும்வரை இருக்கட்டும் என்று விட்டிருக்கிறேன். மேலே தனியாகச் சிரிக்கிறாள். என்ன சிரிப்பு என்று போய்ப் பார்க்கலாம் என்றால் நான் இரண்டாவது படியில் கால் வைப்பதற்குள் சிரிப்பு நின்றுவிடுகிறது. கதவைத் திறந்துகொண்டு, ஏதாவது வேண்டுமா என்று கேட்கிறாள். ஒரு மனிதன் தன் வீட்டில் எதையும் நேரில் கண்டுபிடிக்க முடியாதபடி ஒரு படிக்கட்டைச் செய்துவிட்டுப் போன கெட்டிக்காரன் நீ.

உன் பட்டறை முதலாளிக்கு எல்லாவற்றையும் விவரமாக எழுதிப் போட்டிருக்கிறேன். இப்படிப்பட்ட கையை நம்பிக் கடலில் ஆட்களை அனுப்புகிறாரே, அவருக்காவது தெரியட்டும்.

அத்தான்.


ஜூன் 15

அத்தானுக்கு,

நீங்கள் எழுதிய கடிதத்தை முதலாளி சாப்பாட்டு நேரத்தில் எல்லார் முன்னாலும் வாசித்தார். வேடிக்கைக்காகத்தான் வாசிக்க ஆரம்பித்தார். நடுவில் அவர் முகம் மாறிவிட்டது. "உன் சொந்தக்காரரே எழுதுறாரு, கேபின் வேலய உன்னை நம்பி எப்படிக் குடுக்கறது?" என்று கேட்டார். நான் தண்ணீரில் இறக்கிய படகு ஒன்றில்கூட இதுவரை சொட்டு நீர் கசிந்ததில்லை. பட்டறையில் சின்னப் பையன்கள்கூட என்னைப் பார்த்துக் கிறீச் கிறீச் என்கிறார்கள். எனக்கு அவமானமாக இருக்கிறது. அதை உங்களிடம் மறைக்கப் போவதில்லை. அதுதானே உங்களுக்கு வேண்டியிருந்தது.

ஜூலை முதல் வாரம் வருகிறேன். நன்றாகக் காய்ந்த மரமாக நானே பார்த்து எடுத்துவருகிறேன். படிக்கட்டை முழுசாகப் பிரித்துப் புதிதாகச் செய்கிறேன். பூனை ஏறினால்கூடக் கேட்காது. தக்கையை உருவுகிறேன். தாழ்ப்பாளை எந்தப் பக்கம் சொல்கிறீர்களோ அந்தப் பக்கம் வைக்கிறேன். அதன் பிறகு என் வேலையைப் பற்றி உங்கள் வாயிலிருந்து ஒரு சொல் வரக்கூடாது.

அக்காவிடம் நான் வருவதாகச் சொல்லுங்கள்.

மைத்துனன்.


ஜூன் 23

தம்பிக்கு,

நீ நலமா? நான் நலம். இதை என் கையால் எழுதி எத்தனை வருஷம் ஆகிறதோ, எழுத்தெல்லாம் கோணிக்கொண்டு போகிறது. பொறுத்துக்கொள். நீ செய்த கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு, தலையணையை மடியில் வைத்து எழுதுகிறேன். எதிர்வீட்டில் தையல் கடை வைத்திருக்கும் அம்மா இதைத் தபாலில் சேர்ப்பாள். பதில் எழுதினால் அவள் விலாசத்துக்கே எழுது. பயப்பட ஒன்றுமில்லை, அவள் வாய் திறக்கமாட்டாள்.

உன் கடிதத்தை அவர் மூன்று முறை சத்தமாக வாசித்தார். ஒவ்வொரு முறையும் பூனை வரும் இடத்தில் நிறுத்தி என்னைப் பார்த்தார்.

தம்பி, வராதே.

நீ கோபப்படுவாய் என்று தெரியும். முழுசாகப் படித்துவிட்டுக் கோபப்படு. அவர் முதல் படியில் கால் வைத்ததுமே எனக்குத் தெரிந்துவிடுகிறது. மேலே வந்து சேர்வதற்குள் எழுந்து உட்கார்ந்து, முகத்தைச் சரிசெய்துகொண்டு, நானே கதவைத் திறந்துவிடுவேன். கல்யாணமான நாளிலிருந்து அவர் எப்போது பின்னால் வந்து நிற்பார் என்று தெரியாமலே நான் பாத்திரம் கழுவியிருக்கிறேன், தலை வாரியிருக்கிறேன், தூங்கியிருக்கிறேன். அடித்ததில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். பார்ப்பார். பார்த்ததை அப்புறம் சொல்லிக் காட்டுவார். முகத்தைச் சரிசெய்துகொள்ள நேரம் கிடைப்பது எவ்வளவு பெரிய சுகம் என்று உனக்குத் தெரியாது. தெரிய வேண்டாம்.

மேலே அப்படி என்னதான் செய்கிறாய் என்று கேட்பாய். ஒன்றும் செய்வதில்லை. படுத்துக் கிடக்கிறேன். ஜன்னல் பலகையில் உட்கார்ந்து தெருவைப் பார்க்கிறேன். வாய்க்கு வந்ததைப் பாடுகிறேன், அது பாட்டே இல்லை. அன்று நான் சிரித்தது எதற்குத் தெரியுமா? நீ முதன்முதலில் செய்த முக்காலியில் பெரியப்பா கௌரவமாக வந்து உட்கார்ந்தது ஞாபகம் வந்துவிட்டது. மூன்று காலும் மூன்று பக்கம் போனதே.

இங்கே இருந்தது போதும், எங்களோடு வந்துவிடு என்று நீ வேலைக்கு வந்தபோது காதில் சொன்னாய். யோசித்தேன். எனக்கு இந்த வயதில் இன்னொருவர் வீட்டில் ஒரு மூலை வேண்டாம். என் வீட்டிலேயே எனக்கு ஒரு கதவு கிடைத்திருக்கிறது. அதை நீதான் கொடுத்தாய், தெரியாமல் கொடுத்தாய். இப்போது தெரிந்துகொண்டு வந்து பிடுங்காதே.

உன் பெயர் கெடும். பட்டறையில் சிரிப்பார்கள். நான் யோசிக்காமல் கேட்கவில்லை, யோசித்துத்தான் கேட்கிறேன். உன்னைவிட்டால் கேட்க எனக்கு ஆள் இல்லை.

வீட்டில் எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்.

அக்கா.


ஜூலை 4

அத்தானுக்கு,

வணக்கம். நலம். உங்கள் இரத்த அழுத்தம் குறைய இந்தக் கடிதம் உதவும்.

நான் வரப்போவதில்லை. வந்தாலும் பயன் இல்லை. வீட்டுப் படிக்கட்டு செய்ய எனக்கு வராது. தெரியும் என்று நினைத்துக் கை வைத்தேன், கெடுத்துவிட்டேன். புது மரத்தில் செய்தாலும் இப்படித்தான் கத்தும். குறை மரத்தில் இல்லை, என் கையில்தான். நீங்கள் முதல் கடிதத்தில் சொன்னதுதான் சரி. நான் மோசமான தச்சன்.

நிதானத்தோடுதான் எழுதுகிறேன். இதை யாரிடம் வேண்டுமானாலும் காட்டுங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. வேறு யாரையும் கூப்பிட்டு அதைப் பிரிக்காதீர்கள். பரணின் தரைச்சட்டம் முழுவதும் படிக்கட்டின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. ஒரு படியை உருவினாலும் மேலே இருப்பதெல்லாம் உங்கள் சாய்வு நாற்காலிமேல் வந்து இறங்கும். இதையும் மோசமாகத்தான் செய்திருக்கிறேன்.

மைத்துனன்.


ஆகஸ்ட் 30

மைத்துனனுக்கு,

நலம், நலம், மிகவும் நலம். உன் அக்கா நலம். உடம்பு லேசாக இருக்கிறது, மாத்திரையைக்கூட டாக்டர் பாதியாக்கிவிட்டார்.

உன் கடிதத்தைப் பிரதி எடுத்து ஒன்றை உன் முதலாளிக்கு அனுப்பினேன். ஒப்புக்கொண்டதே பெரிய குணம் என்று உன்னைப் பற்றி இரண்டு நல்ல வார்த்தையும் சேர்த்தேன். நான் கல் நெஞ்சக்காரன் இல்லை.

இப்போது உன்னிடம் சொல்ல ஒரு நல்ல செய்தி. உனக்கு வராததை மழை செய்துவிட்டது. பத்து நாளாக விடாமல் பெய்ததில் பலகை ஊறி இறுகிவிட்டது. படிக்கட்டு வாயை மூடிக்கொண்டது. போன வியாழக்கிழமை பழைய ரப்பர் செருப்பைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டேன். கதவு வரைக்கும் ஏறிவிட்டேன், ஒரு முனகல் இல்லை. கொஞ்ச நேரம் நின்று கேட்டேன். உன் அக்கா உள்ளே பாடிக்கொண்டிருந்தாள். கேட்கச் சகிக்கவில்லை. நான் தொண்டையைக் கனைத்தேன். உள்ளே டம்ளர் விழுந்து உடைந்தது. விடுதியில் கேட்ட அதே சத்தம். மனசுக்கு இதமாக இருந்தது.

மாணவர்களைத் தேடி அலைவதையும் விட்டுவிட்டேன். இனிமேல் எதற்கு? பார்த்துக்கொள்ள ஒரு ஆள் மேலே இருக்கிறதே. ஒரு நாளைக்கு நாலைந்து தடவை போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். முழங்காலுக்கும் நல்லது.

அத்தான்.


செப்டம்பர் 5

தம்பிக்கு,

உனக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டேன். இப்போது தேவலையா?

நான் நலம் என்று எழுத வரவில்லை. படி பேசவில்லை. அவர் உனக்கு எழுதியிருப்பார். கதவைத் தாழ் போட்டிருக்கிறேன், துளையையும் மறைத்திருக்கிறேன். ஆனாலும் அவர் வெளியே நிற்கிறாரா இல்லையா என்று தெரியாமல் எப்படிப் படுப்பது? முதுகைச் சுவரில் வைத்துக் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கீழே இருந்தது போலவே ஆகிவிட்டது. பாடுவதை நிறுத்திவிட்டேன்.

நல்ல தச்சனிடம் கேட்கக் கூடாததைக் கேட்கிறேன். அதை மறுபடியும் கெடுக்க வழி இருக்கிறதா?

அக்கா.


செப்டம்பர் 14

அக்காவுக்கு,

காய்ச்சல் போய்விட்டது. வீட்டில் எல்லாரும் நலம்.

வழி இருக்கிறது. தையல் கடை அம்மா உன்னிடம் ஒரு துணிப் பொட்டலம் தருவாள். உள்ளே ஒரு சின்ன மரச்சுத்தியலும், முனை மழுங்கிய ஒரு இரும்புக் கம்பியும், மெலிசாக இழைத்த ஆப்புகளும், ஒரு டப்பாவில் குங்கிலியத் தூளும் இருக்கும். படகு இடுக்கை அடைக்க நாங்கள் வைத்திருக்கும் பிசின்தான் அது. அவர் காலை நடைக்குப் போனதும் படிக்கட்டுக்கு அடியில் போய் நின்றுகொள். ஒவ்வொரு படிக்கும் இரண்டு பக்கமும் ஆப்பின் மெலிந்த நுனி தெரியும். கம்பியை அந்த நுனியில் வைத்துத் தட்டினால் ஆப்பு பின்னால் வந்துவிடும். அந்த இடத்தில் நான் அனுப்பும் மெலிசான ஆப்பைச் செருகு. பலகையும் சட்டமும் உரசும் இடத்தில் தூளை விரலால் தேய், அது வழுக்கவிடாமல் பிடித்துக் கத்த வைக்கும். நிறைய வேண்டாம். ஒரு நாளைக்கு இரண்டு படி போதும், அவசரப்படாதே.

ஒன்று சொல்ல வேண்டும். படியைப் பிரித்தால் எல்லாம் இடிந்து விழும் என்று அவருக்கு எழுதியது பொய். அந்தப் படிக்கட்டு உன் காலத்துக்கும் அசையாது. கத்தும், ஆனால் அசையாது. பயமில்லாமல் ஏறி இறங்கு.

இங்கே முதலாளி என்னைக் கேபின் வேலையிலிருந்து எடுத்து, பலகைக்கு உப்புத்தாள் தேய்க்கப் போட்டிருக்கிறார். உட்கார்ந்து செய்யும் வேலை, முதுகுக்கு நல்லது. அந்த ஆப்புகளை அங்கே உட்கார்ந்துதான் இழைத்தேன். பக்கத்தில் இருந்தவன் எடுத்துப் பார்த்து, இவ்வளவு சுத்தமாக ஆப்பு செய்கிறவனுக்கா படி செய்யத் தெரியாது என்கிறார்கள் என்று கேட்டான். நான் அடுத்த ஆப்பை எடுத்து இழைத்தேன்.

நீ பாடு. எப்படிப் பாடினாலும் பரவாயில்லை.

தம்பி.


அக்டோபர் 8

அடேய் மைத்துனா,

உன்னைப் போல ஒரு தச்சன் எங்கும் இருக்க மாட்டான். மழை இன்னும் நிற்கவில்லை, பலகை இன்னும் காயவில்லை, அதற்குள் உன் படிக்கட்டு மறுபடி ஆரம்பித்துவிட்டது. முன்பு கத்தியதெல்லாம் ஒன்றுமே இல்லை. நேற்று முதல் படியில் கால் வைத்தேன், எதிர்வீட்டுத் தையல்காரி ஜன்னலைத் திறந்து, "என்ன சார், மேல போறீங்களா?" என்று கேட்கிறாள். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். ஓரமாகக் கால் வைத்து ஏறினேன். தவழ்ந்துகூடப் பார்த்துவிட்டேன், என் வயதில், என் வீட்டில். ஒன்றும் பலிக்கவில்லை. பக்கத்துத் தெருத் தச்சர் வாசல் வரைக்கும் வந்து, சத்தத்தைக் கேட்டுவிட்டு, உள்ளே வராமலே திரும்பிவிட்டார். பிரிக்கலாம் என்றால் பரண் தலையில் விழும் என்று எழுதி என் கையைக் கட்டிவிட்டாய்.

மாத்திரையை டாக்டர் மறுபடி முழுசாக்கிவிட்டார். முழங்கால் வீங்கியிருக்கிறது. விட்டத்தில் இடித்த இடம் புடைத்திருக்கிறது. விசில் அடித்தால் கேட்பதில்லை, ஏறினால் ஊருக்கே கேட்கிறது. இதை எழுதும்போதுகூட மேலே பாட்டுச் சத்தம். இப்போதெல்லாம் கதவைச் சாத்தாமலே பாடுகிறாள்.

நீ விளங்க மாட்டாய். உன் கையில் உளியைக் கொடுத்தவனைச் சொல்ல வேண்டும். இந்த வீட்டில் ஒன்றும் சரியாக இல்லை, நானும் சரியாக இல்லை.

உன் அக்கா மட்டும் நலமாக இருக்கிறாள்.

அத்தான்.